பக்கச் சுமை: நாயாறு, ஆறாம் இலக்கத் தூண்

மேலிருந்து வரும் பாரத்தை இந்தக் களி
எப்படியோ சமாளித்துவிடும்.
அத்திவாரத் தூணின் இருபத்திரண்டு மீற்றர் தோலையும்
பற்றிப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பகிர்ந்து வாங்கும்.
பக்கவாட்டில் தள்ளும்போதுதான்
அதன் சுபாவம் வெளியே வரும்.

இரண்டு தூண்களுக்கு நடுவே ஜக்கைப் படுக்கவைத்தோம்,
ஒன்றை ஒன்று தள்ளட்டும் என்று.
பம்பின் கைப்பிடியில் செபமாலை.
பீப்பாய் மிதவையில் குந்தியபடி
டயல் கேஜுக்கு முன்னால் நான்.

ஐந்து தொன்: இரண்டு மில்லிமீற்றர்.
பத்து: ஆறு.
பதினைந்தில் பம்ப் நின்றது,
முள் நிற்கவில்லை.
களி அப்படித்தான்.
கேட்ட கேள்விக்கு
அரை மணித்தியாலம் கழித்தும்
பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

படிவத்தின் மூன்றாம் நிரலைச் செபமாலை விரலால் தொட்டான்.
கிடை இடப்பெயர்வு.
"இதை மில்லிமீற்றரிலயும் எழுதலாமோ, மிஸ்?
நாங்கள் கிலோமீற்றரிலயெல்லோ எழுதினனாங்கள்."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
முள் இன்னொரு கால் மில்லிமீற்றர் போயிருந்தது.

பதினெட்டாவது தொன்னில் எண்கள் பின்வாங்கத் தொடங்கின.
தள்ளத் தள்ளத் தூண் திரும்பி வருகிறதாம்.
ஜக்கைச் சந்தேகித்தேன், எண்ணெயை, கேஜை,
கடைசியாய் என் கண்ணை.
பிறகுதான் கண்டது:
கேஜ் பூட்டிய சட்டத்தின் கடைசி முளையில்
யாரோ வள்ளம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
காற்று வள்ளத்தை இழுக்க
வள்ளம் சட்டத்தை இழுக்க
தூண் அசைந்தது என்று எழுதியிருக்கிறேன்.

அருமைநாதன் இறால் கூடையோடு வந்து அவிழ்த்தார்.
"இதுக்குள்ள ஆடாமல் நிண்டது இது ஒண்டுதான், தங்கச்சி.
அதுதான் கட்டினனான்."

அசைவை அளக்க அசையாத ஒன்று வேண்டும்.
தள்ளுவது எட்டாத மண்ணில் முளை அடி
என்கிறது கைநூல்.
எவ்வளவு தூரம் போனால் எட்டாது என்று
இந்தக் கரையில் யாரைக் கேட்பது?
நாற்பது மீற்றர் தள்ளி, மணல்திட்டில், புதிதாய் அடித்தோம்.
முதலிலிருந்து தொடங்கினோம். ஐந்து தொன். இரண்டு.

இருபது தொன்னில் இருபத்தொன்று.
பின்னேரம் குழாய்க்குள் சாய்வுமானியை இறக்கினேன்.
வளைவெல்லாம் மேல் ஐந்து மீற்றரோடு சரி.
அதற்குக் கீழே தூணுக்கு ஒன்றும் தெரியாது;
மேலே தள்ளுகிறார்கள் என்ற செய்தியே
அங்கே போய்ச் சேரவில்லை.
முறிவதானாலும்
எல்லாரும் பார்க்கிற இடத்தில் முறியாது.
சேற்று மட்டத்திலிருந்து இரண்டரை மீற்றர் கீழே,
களி மூடிய இடத்தில்தான் வளைவின் உச்சம்.
அங்கே கம்பியை நெருக்கிக் கட்டச் சொல்லி எழுதினேன்.
என்னால் எழுதக்கூடியது அவ்வளவுதான்.

ஜக்கைத் தளர்த்த, தூண் திரும்பியது,
முழுக்க அல்ல.
எஞ்சியது ஐந்து புள்ளி இரண்டு.
தூணின் முதுகுப்புறம் சேற்றில் விரல் நுழையும் பிளவு,
அதில் களப்புநீர் வந்து நிரம்பியிருந்தது.
அடுத்த அலை தள்ளும்போது
அந்த நீர் களியைக் கரைத்துக்கொண்டு வெளியே பாயும்.
நூறாவது அலைக்குத் தூண்
முதலாவதற்கு நின்றதுபோல் நிற்காது.
அதற்கும் ஒரு குணகம் உண்டு, பெருக்கிக்கொள்ளலாம்.

செபமாலை குழாய்களைச் சுருட்டும் நேரம்
அருமைநாதன் கயிற்றோடு திரும்ப வந்தார்.
"இப்ப இந்தத் தூணில கட்டலாமோ?"
ஒரு வள்ளத்தின் இழுவை எத்தனை கிலோ என்று
மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டு
"கட்டுங்கோ" என்றேன்.

கேஜைக் கழற்ற மறந்திருந்தேன்.
முள் ஒரு மயிரளவு போய்,
வந்தது.